தாய் ரோஸ்

என் வயதுக்காரர்களே, நமக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. தரையில் உட்கார்ந்து எழுந்தால் முட்டி பேசுகிறது. தலைக்குச் சாயம் அடிப்பதா, நரையை நரையாகவே விடுவதா என்று கண்ணாடி முன்னால் தினம் ஒரு பஞ்சாயத்து. ஆனாலும் இந்த வயதில் ஒரு சௌகரியம் உண்டு. சின்ன வயதில் செய்த அயோக்கியத்தனத்தை இனிமேல் தைரியமாகச் சொல்லலாம். அடிக்க வேண்டியவர்களுக்குக் கை ஓங்கத் தெம்பில்லை.

நான் சொல்லப்போவது ஒரு கோடை விடுமுறை. பிராங்க் போய் யூரோ வந்த வருடம். பாண்டிச்சேரியில் சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் வீடுகளில், அந்த வருடம் அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எங்கள் குடும்பத்திலும் ஒரு சொல்தா இருந்தார். அப்பாவுக்குச் சித்தப்பா. நாங்கள் சொல்தா தாத்தா என்போம். மனிதர் ஒரு யூரோ நோட்டைக்கூடக் கண்ணால் பார்க்காமல் மாசி மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி போய் இருபது வருடம். படுக்கையில் விழுந்த கடைசி ஆறு வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், அவருக்காக வேலையை விட்டுவிட்டு அவர் வீட்டிலேயே போய்த் தங்கினாள். இன்சுலின் ஊசி போடுவாள், முகச்சவரம் செய்துவிடுவாள், காலையில் சைக்கிளில் வரும் நீட்டு ரொட்டியை வாங்கிக் காபியில் நனைத்து ஊட்டுவாள். அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே ஒதெகொலோன் சென்ட் வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் கலந்து வரும். அத்தையின் புடவையிலும் அதே வாசனைதான். எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டும் சேர்ந்தால் அத்தை ஞாபகம்தான் வரும்.

அத்தைக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. "யாரு இவள கட்டிக்கப் போறா" என்று பேசிப் பேசி எல்லோரும் ஓய்ந்துபோன நேரத்தில் ஒருவர் வந்தார். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். தாத்தாவின் நெஞ்சை எத்தனை தடவை படம் பிடித்தாரோ அத்தனை தடவை அத்தையையும் பார்த்திருக்கிறார். தாத்தா உயிரோடு இருக்கும்போதே பேசி முடித்தாயிற்று. ஆனியில் கல்யாணம். நான் அவரை அப்போதே எக்ஸ்ரே மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

தாத்தாவின் இரும்பு பீரோவில் ஒரு முத்து நெக்லஸ் இருந்தது. அவர் அதை நெக்லஸ் என்று சொல்ல மாட்டார், 'கொலியே' என்பார். "கொலியே இவளுக்கு" என்று எல்லோர் எதிரிலும் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் குடும்பத்துக்கு மூத்தவர் பெரியப்பா. அவருக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். "குடுக்கத்தான் போறோம். ஆனா என்னா ஏதுன்னு தெரிஞ்சு குடுக்கணும். நாளைக்கு யாரும் வாய் தொறக்கக் கூடாது" என்றார்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் கூடியிருக்க அத்தை தன் இடுப்பில் இருந்த சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். நீல வெல்வெட் பெட்டி. மூடியின் உள்பக்கம் பொன்னெழுத்தில் ஒரு கடைப் பெயரும் மார்செய் என்ற ஊர்ப் பெயரும். முத்துகள் மோர் நிறத்தில், ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னான அளவில் இருந்தன. நடுவில் இலை மாதிரி ஒரு தங்கப் பதக்கம், அதில் பொடிப்பொடியாக வைரம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய ஏமாற்றம். எங்கள் தெருக்கோடி பேன்சி ஸ்டோரில் இதைவிட நன்றாக மின்னுவது கிடைக்கும்.

பெட்டியின் சாட்டின் துணிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. கடை கொடுத்த சீட்டு. முழுக்கப் பிரெஞ்சு. அங்கே இருந்த யாருக்கும் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. பெரியப்பாவுக்கு போன்ழூர், மெர்சி இரண்டோடு சரி. அத்தைக்குத் தாத்தாவோடு பேசிப் பேசிக் காது பழகியிருந்தது, எழுத்து தெரியாது. வெளியாளிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று அம்மா சொன்னதற்குப் பெரியப்பா, "வீட்டு விஷயத்த ஊருக்குப் படிச்சுக் காட்டணுமா" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். அப்போதுதான் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "எம்பொண்ணு படிப்பாண்ணா. ஆறாவதுல பிரெஞ்சுதான் எடுத்திருக்கா. தொண்ணூத்தாறு மார்க்கு."

அந்த மார்க்கின் யோக்கியதை உங்களுக்குத் தெரியும். தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கு வரும் என்று சேர்த்துவிடப்பட்ட கூட்டம் நாம். எனக்கு ஒன்றிலிருந்து நூறு வரை தெரியும், கிழமைகள் தெரியும், 'என் பூனை கறுப்பு' என்று சொல்லத் தெரியும். அவ்வளவுதான். ஆனால் அத்தனை பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதினொரு வயதில் அந்தப் போதை சாதாரணமானதில்லை.

"கொலியே" என்று ஆரம்பித்தேன்.

"கொலையா?" என்றார் பெரியப்பா.

"நெக்லஸ் பெரியப்பா." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் தைரியம் வந்தது. "நாப்பத்தொம்பது பேர்ல் ஃபின். ஃபின்னா மெல்லிசு. நாப்பத்தொம்பது மெல்லிசான முத்து." பெரியப்பா எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்த வரி, பதினொரு வைரம். அதற்கு அடுத்தாற்போல ஒரு வார்த்தை. டி, ஏ, ஐ, இரண்டு எல், ஒரு ஈ. அதற்கு அர்த்தம் தெரியாது. எப்படி உச்சரிப்பது என்றுகூடத் தெரியாது. அதற்கும் அடுத்த வார்த்தை ரோஸ். அது எனக்கு அத்துப்படி. நிறங்கள் பாடத்தில் ரூஜ், ப்ளே, வேர், ரோஸ் என்று வகுப்பே ராகம் போட்டுப் பாடியது.

எச்சிலை விழுங்கினேன். அதோடு அந்த வார்த்தையையும் விழுங்கினேன். "பதினோரு ரோஸ் கலர் வைரம்" என்றேன்.

எல்லோரும் பதக்கத்தைக் குனிந்து பார்த்தார்கள். அதில் ரோஸும் இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்சம் சாம்பல் ஓடிய வெள்ளைக் கற்கள்.

"சாவி யார்கிட்ட இருந்துது?" என்றார் பெரியப்பா. சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"எங்கிட்டதான் அண்ணா. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அத்தை. கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் அவளுக்கு உறைத்தது போல. முகம் மாறியது. "நான் பாத்த நாள்லேருந்து இது வெள்ளையாத்தான் இருக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, எல்லா வார்த்தையும் உனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுது அத்த" என்றேன்.

அத்தை என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பெரியப்பா நெக்லஸை ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த பையன் தங்கத்தை உரைகல்லில் தேய்த்துவிட்டு, "மட்டத் தங்கம் சார், பதினெட்டு கேரட்டுதான். கல்லுல மினுமினுப்பே இல்ல. முத்து ஒரே சைஸா இல்ல. எடைக்குப் போட்டா எடுத்துக்கறோம்" என்று சொல்லியிருக்கிறான். பெரியப்பாவுக்கு அது போதும். கல்லும் மாறியிருக்கிறது, தங்கமும் மாறியிருக்கிறது, முத்தும் மாறியிருக்கலாம் என்று ஆகிவிட்டது. திருடி என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. "இது தெளியாம கல்யாணத்துக்குத் தேதி குறிக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு அந்த வார்த்தையையே சொல்லியிருக்கலாம்.

அத்தை சாவிக்கொத்தைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பையோடு லாஸ்பேட்டையில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். என் அறையில்தான் தங்கினாள். நான் பண்ணின காரியத்துக்கு எனக்குக் கிடைத்த தண்டனையைப் பாருங்கள். ஒரே பாயில் படுக்கை, காலையில் அவள் கையால் தலைப்பின்னல், சாயங்காலம் அவள் காசில் பால் ஐஸ்.

பள்ளி அகராதியை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினேன். 'உயரம், இடுப்பு' என்று போட்டிருந்தது. பதினொரு வைரம், இடுப்பு, ரோஸ். ஒரு அர்த்தமும் வரவில்லை. அப்படியானால் நான் விட்டது ஒன்றும் முக்கியமான வார்த்தை இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆனாலும் ராத்திரி அத்தைக்கு முதுகைக் காட்டித்தான் படுத்தேன்.

ஒரு மத்தியானம் எக்ஸ்ரே மாமா ஸ்கூட்டரில் வந்தார். மோரைக் குடித்துவிட்டு, டம்ளரை உருட்டிக்கொண்டே, "அந்த நகையே வேணாம்னு சொல்லிடு. நாம கோயில்ல வெச்சுத் தாலி கட்டிக்கலாம்" என்றார்.

"வேணாம்னு சொன்னா என்னா அர்த்தம் தெரியுமா? எடுத்தேன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம்" என்றாள் அத்தை. "நகைக்காக நிக்கல. என் பேருக்காக நிக்கறேன். நீங்க அவசரம்னா வேற எடம் பாத்துக்கங்க."

மாமா, "எனக்கு என்னா அவசரம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் மோர் கேட்டார். அம்மாவுக்கு அன்றைக்குத்தான் அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் போன பிறகு அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டே ஏதோ நினைவாகப் பேசினாள். தாத்தா அந்த நெக்லஸை அடிக்கடி எடுத்து மடியில் வைத்துக்கொள்வாராம். பதக்கத்தை விரலால் தடவித் தடவி, 'தாய் ரோஸ், தாய் ரோஸ்' என்பாராம். "அவங்க அம்மாவ நெனச்சுக்கிட்டுச் சொல்றாருன்னு நெனப்பேன். அந்தம்மா பேரு ரோசம்மாவோ என்னவோ. கேக்கணும் கேக்கணும்னு இருந்து கேக்காமயே போச்சு" என்றாள். நானும் பாவம் தாத்தா என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அதிகம் பேசமாட்டாள். ஆனால் அந்த வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போய், "விக்கறதானாலும் மதிப்பு தெரியணும் இல்ல மாமா? பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால கல்லு யாவாரம் பண்ற பாய் ஒருத்தர் இருக்காரு. கல்லுதான் அவருக்குத் தொழிலு. ஒரு தடவ காட்டிடலாம்" என்றாள். விற்பது என்றதும் பெரியப்பா ஒத்துக்கொண்டார். சீட்டைப் படிக்க என்னையும் கூட்டிக்கொண்டார்கள். ஆட்டோவில் அவர் மடியில் பெட்டி, அம்மா பக்கத்தில் நான்.

கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு சின்னத் தராசு. பாய் அப்பா வயதுக்காரர். முதல் பத்து நிமிடம் செல்போனில் யாருடனோ மாப்பிள்ளை வீட்டுப் பிரியாணி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு நெக்லஸைக் கையில் எடுத்தார். அதற்கப்புறம் டீ ஆறியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ரோஸ் கலர் வைரம்னு சீட்டுல போட்டிருக்கு. இது வெள்ளையா இருக்கு. கல்ல மாத்திருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் பெரியப்பா.

"எங்க போட்டிருக்கு?" பாய் சீட்டை வாங்கினார். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. விரலை வரியின் கீழ் வைத்து நகர்த்தினார். என் வார்த்தைக்கு வந்ததும் விரல் நின்றது. "பாப்பா, ரோஸுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்த இருக்கே. இது என்னா?"

"தெரியல" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரியப்பாவும் பார்த்தார்.

பாய் அதைக் கவனிக்கவில்லை. "பிரெஞ்சுக்காரங்க கொண்டாற பழைய பில்லுல இந்த ரெண்டு வார்த்தையும் ஜோடியாத்தான் வரும். 'தாய் ரோஸ்'னு படிப்பாங்க. நெறம் இல்லண்ணே இது. கட்டிங். ரோஸ் கட்டிங். அடி தட்டையா, மேல மொட்டு மாதிரி பட்ட போட்டிருக்கும், பாருங்க. அந்தக் காலத்து வைரம். இப்ப வர்ற கல்லு மாதிரி டால் அடிக்காது. பதினொண்ணும் ஒரே கை வேல. கல்லு பதிச்ச கட்டடத்துல எங்கியும் பிரிச்ச தடமே இல்ல. செஞ்ச அன்னிக்கு உக்கார வெச்சது, அப்படியே உக்காந்திருக்கு."

பெரியப்பாவின் உதடு அசைந்தது. "சித்தப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரே" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "தாய் ரோஸ் தாய் ரோஸ்னு. நான்கூட அம்மாவ நெனச்சுப் பொலம்பறாருன்னு…" கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பாய் கொக்கியைத் திருப்பிக் காட்டினார். கடுகளவு ஒரு கழுகுத் தலை பதிந்திருந்தது. பிரெஞ்சு அரசாங்கத்து முத்திரையாம். "அவங்க ஊர்ல நகைன்னா பதினெட்டுதான். நம்ம இருவத்திரெண்டு கணக்கு அங்க கெடையாது" என்றார். ஒரு முத்தை எடுத்து முன்பல்லில் லேசாக உரசினார், துளைக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். இன்னொன்று, இன்னொன்று என்று பத்துப் பதினைந்து பார்த்த பிறகு நிமிர்ந்தார். "ஃபின்னுன்னா மெல்லிசுன்னு எந்த வாத்தியார் சொன்னது? இது கடல்ல தானா வெளஞ்ச முத்து. வளத்த முத்துன்னா ஓட்டைக்குள்ள வளையம் தெரியும். இதுல இல்ல. மெட்ராஸ்ல எக்ஸ்ரே புடிச்சுப் பாத்தாத்தான் எழுதிக் குடுப்பாங்க. ஆனா என் கண்ணுக்குச் சந்தேகம் இல்ல."

ஒரு சீட்டில் மூன்று வார்த்தை. ஒன்றை விழுங்கினேன், இரண்டைத் தப்பாகச் சொன்னேன். தொண்ணூற்றாறு மார்க்கு.

"எங்க மாமாவே எக்ஸ்ரேதான் எடுக்கறாரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பாய் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

வைரத்துக்குப் பெரிதாக மதிப்பில்லை, முத்துக்குத்தான் என்று சொல்லி ஒரு தொகை சொன்னார். பெரியப்பா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். எனக்கு இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. வீடு முழுக்கப் பதினொரு பொடிக் கல்லுக்காக ஒருத்தியைச் சந்தேகப்பட்டோம். மதிப்பெல்லாம் நாங்கள் எண்ணிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்த முத்தில் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை பெரியப்பா பெட்டியோடும் சாவிக்கொத்தோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே நெடுநேரம் கழற்றினார். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. பெரியப்பா பெட்டியை அவள் பக்கத்தில் வைத்தார்.

"வைரம் சரியாத்தாம்மா இருக்கு" என்றார்.

"நானும் சரியாத்தான் அண்ணா இருந்தேன்" என்றாள் அத்தை.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்ற சொல்லைத் தங்கையிடம் சொல்லும் பழக்கம் அந்தத் தலைமுறை அண்ணன்களுக்கு இல்லை. பதிலுக்கு யார் தலையிலாவது போட வேண்டுமே, என்னைக் காட்டினார். "எல்லாம் இந்தப் புள்ள படிச்ச படிப்பு. ஒரு வார்த்தைய அப்படியே விட்டுட்டா."

"அவ பதினோரு வயசுப் புள்ள. உங்களுக்கு நாப்பத்தெட்டு. உக்காருங்க, காபி போடறேன்" என்றாள் அத்தை. கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் கையில் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனியில் கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டபத்து அறையில் அத்தை தனக்கு நெக்லஸ் மாட்டிவிட என்னைத்தான் கூப்பிட்டாள். கதவு சாத்தியிருந்தது, நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அத்த, எல்லா வார்த்தையும் தெரிஞ்சுதான்னு கேட்டல்ல, நான் பொய் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

"தெரியும்டி" என்றாள்.

"எப்பலேருந்து?"

"அப்பவேதான். அந்த எடத்துல நிறுத்தி எச்சி முழுங்குன. ஆறு வருஷம் ஒரு பெரிய மனுசருக்கு மாத்திர குடுத்திருக்கேன். யாரு எத முழுங்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

அத்தை கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். "என்னான்னு சொல்றது? இந்தப் புள்ள பொய் சொல்லுதுன்னா? நான் பெரியவ. திருடின்னா தாங்கிக்குவேன். உன்ன அத்தன பேரு எதிர்ல பொய்க்காரின்னு சொல்லியிருந்தா, நீ அப்பறம் எதையும் வாய் தொறந்து படிச்சிருக்க மாட்ட." பிறகு தன் முந்தானையாலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டாள், புதுப் பட்டு என்றுகூடப் பார்க்காமல்.

அப்போது அத்தைக்கு இருந்த வயதுதான் இப்போது எனக்கு. எனக்கும் வீட்டில் பதினொரு வயதில் ஒன்று இருக்கிறது, வாயைத் திறந்தால் அளப்புதான். அதற்காக நான் திருடிப் பட்டம் சுமப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெற்ற பிள்ளைக்காக ஒருவேளை சுமப்பேன். அண்ணன் பிள்ளைக்காக, அதுவும் என் கல்யாணமே நின்றுபோகிற நிலையில், நிச்சயமாக மாட்டேன்.